கண்டக்டரின் கைக்கு ஓர் இயந்திரம்

முதல் நாள்: அக்டோபர் 23, 2024, புதன்

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது விமானம் ஏறுகிற மருமகளை என் மாமியார் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அதிரசத்துக்குப் பச்சரிசி களைந்துகொண்டே, "போய்விட்டு வா. முப்பதாம் தேதிக்குள் வந்துவிடு" என்றார். இவ்வளவு சுருக்கமாக அவர் பேசினால் கோபம் என்று அர்த்தம்.

பாளையங்கோட்டையில் சிறிதாக ஒரு பிசியோதெரபி நிலையம் நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் சேர்த்தவை இரண்டு: கொஞ்சம் பணம், தீராத முதுகுவலி. பணம் இந்தப் பயணத்தோடு தீர்ந்துவிடும். முதுகுவலி கூடவே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

சுவிட்சர்லாந்தில் சூரிக்கை ஒட்டிய குளோட்டனில் வெள்ளி முதல் ஞாயிறு வரை சைபத்லான் நடக்கிறது. கை கால் இழந்தவர்களும் செயலிழந்தவர்களும் செயற்கைக் கை, செயற்கைக் கால், உடலுக்கு வெளியே அணியும் இயந்திரக் கால்கள், ரோபோக் கை பொருத்திய சக்கர நாற்காலி ஆகியவற்றோடு களம் இறங்கும் போட்டி. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

ஆனால் உண்மையில் என்னை அனுப்பிவைத்தவர் ஒரு கண்டக்டர். ஓய்வுபெற்றவர். பதினொரு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார். கால் தேறிவிட்டது, கோல் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார். வலது கைதான் பிடிவாதமாக மடங்கிக் கிடக்கிறது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கொஞ்சம் அசையும். நான் சுவிட்சர்லாந்து கிளம்புகிறேன் என்றதும், "அம்மா, அங்கே இந்தக் கைக்கு ஏதாவது மெஷின் இருந்தால் விலை விசாரித்துவிட்டு வாருங்கள்" என்றார். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். விலை விசாரிக்காமல் எதையும் நம்பமாட்டார்.

தங்கியிருப்பது சூரிக்கின் பக்கத்து ஊரான ஆட்லிஸ்வில்லில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில். எண்பதுகளில் சென்னையில் என் அத்தை வீட்டு மாடியில் குடியிருந்த குடும்பம். என்னைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு வயது நாற்பத்தேழு. இரவு புட்டும் மீன் குழம்பும். வெளியே மூடுபனி. ஊரைப் பற்றிச் சொல்ல இன்றைக்கு இவ்வளவுதான். விமான நிலையத்தில் குடித்த காப்பியின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தபின் வேறு எதையும் ரசிக்கும் மனநிலை இல்லை.

இரண்டாம் நாள்: அக்டோபர் 24, வியாழன்

இன்று ஓர் இயந்திரம் என்னை நடக்க வைத்தது.

இணைய வகுப்பு ஒன்றில் பழக்கமான சுவிஸ் தெரபிஸ்ட் ஒருவர், தான் வேலை செய்யும் மறுவாழ்வு மையத்துக்கு மதிய இடைவேளையில் வரச்சொன்னார். மையத்தின் பெயரை எழுதக்கூடாது, நோயாளிகளைப் படம் எடுக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். இரண்டும் நியாயமானவை.

அங்கே இருந்தது லோகோமாட். இந்த ஊரில் பிறந்த இயந்திரம். சூரிக்கின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் தொண்ணூறுகளின் நடுவில் கேரி கொலம்போ என்ற பொறியாளர் தொடங்கிய வேலை. (நேற்று இரவு இந்தப் பெயரைச் சொன்னதும், "பெயரிலேயே கொழும்பு இருக்கிறதே, நம்பலாமோ?" என்றார் அக்கா.) 1996இல் ஹோகோமா நிறுவனம், 2001இல் முதல் லோகோமாட் விற்பனைக்கு. அதற்கு முன்பு தண்டுவடம் அடிபட்டவரையோ பக்கவாதக்காரரையோ ஓடுபட்டையில் (டிரெட்மில்) நடக்கவைக்க வேண்டுமென்றால், மேலே இருந்து கட்டித் தொங்கவிட்டு, ஒரு காலுக்கு ஒரு தெரபிஸ்ட், இடுப்புக்கு இன்னொருவர் என்று மூன்று பேர் குனிந்து உட்கார்ந்து ஒவ்வோர் அடியாகத் தூக்கிவைக்க வேண்டும். இருபது நிமிடத்தில் நோயாளியைவிடத் தெரபிஸ்ட் தளர்ந்துவிடுவார். என் முதுகெலும்பின் கீழ் வட்டு ஏன் அப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முதலில் அளவெடுத்தார்கள். தையல்காரர் போலத் தொடையின் நீளம், இடுப்பின் அகலம், கணுக்கால் சுற்றளவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார் தோழி. பிறகு இடுப்பையும் தொடை இடுக்கையும் இறுக்கும் வார்க்கச்சை. அதை மேலே உள்ள கயிற்றில் மாட்டி, என் எடையில் மூன்றில் ஒரு பங்கை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும்படி தூக்கினார். தொடையில் ஒரு பட்டை, முழங்காலுக்குக் கீழே இரண்டு பட்டைகள், பாதத்தின் முனை தொங்காமல் இருக்க வார். பட்டையின் ஓரம் தோலில் உரசக்கூடாது என்று விரலை உள்ளே விட்டு விட்டுப் பார்த்தார். உணர்ச்சியற்ற காலில் அந்த உரசல் நோயாளிக்குத் தெரியாது. இரவில் புண்ணாகத்தான் தெரியும். கையில் அவசர நிறுத்தப் பொத்தான். இவ்வளவுக்கும் இருபது நிமிடம் ஆனது. விளம்பரப் படங்களில் இந்த இருபது நிமிடம் வருவதே இல்லை.

ஓடுபட்டை நகரத் தொடங்கியது. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் என் கால்களை எடுத்துவைத்தன. முதல் ஒரு நிமிடம் ஆச்சரியம். இரண்டாம் நிமிடம் பழகிவிட்டது. மூன்றாம் நிமிடத்தில் நான் அதிரசப் பாகின் பதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். கால்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன.

தோழி திரையைக் காட்டினார். என் பங்கு எவ்வளவு என்று காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. "நீ தூங்குகிறாய்" என்றார். வழிநடத்தும் விசை அதுவரை நூறு சதவீதத்தில் இருந்தது. அதை மெல்லக் குறைத்தார். எழுபதில் ஒன்றும் தெரியவில்லை. ஐம்பதுக்கு வந்தபோது இடது முழங்கால் ஒரு நொடி பின்தங்கியது. முப்பதில், ஏதோ சேற்றில் நடப்பதுபோல ஒவ்வோர் அடியையும் நானே பிடுங்கி வைக்கவேண்டியிருந்தது. நெற்றியில் வியர்வை. கோடு மேலே ஏறியது.

ஆரோக்கியமான கால்கள் உள்ள நானே மூன்று நிமிடத்தில் இயந்திரத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டேன் என்றால் களைத்துப்போன நோயாளியைப் பற்றிச் சொல்லவேண்டாம். இது சோம்பேறித்தனம்கூட இல்லை. நரம்பு மண்டலத்தின் சிக்கனம். யாராவது வேலையைச் செய்தால் உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் அர்வைனில் டேவிட் ரெய்ன்கென்ஸ்மேயர் குழு இதைக் கணக்காகவே எழுதிக் காட்டியது. அவர்கள் கண்ட தீர்வும் எளிது: நோயாளி சரியாகச் செய்யச் செய்ய இயந்திரம் தன் உதவியைத் தானே மறந்துகொண்டே போகவேண்டும்.

கால்களை ஒரே தடத்தில் இழுத்துச் சென்ற அந்தக் கால இயந்திரங்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணும் இதைத்தான் சொல்கிறது. 2008இல் அமெரிக்காவில் ஹார்ன்பி குழு, ஏற்கெனவே ஓரளவு நடக்கக்கூடிய 48 பக்கவாதக்காரர்களை வைத்து ஒப்பிட்டபோது, தெரபிஸ்ட் கைகொடுத்து நடந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். இதைப் படித்த அன்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன் என்பது உண்மை. ஆனால் நடக்கவே முடியாத நிலையில், நோய் வந்த முதல் சில மாதங்களில், வழக்கமான பயிற்சியோடு இயந்திரமும் சேர்ந்தால் தனியாக நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பின்னாளில் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு மர நடைவண்டி இருந்தது. மூன்று சக்கரம், குறுக்கே ஒரு கட்டை. என் தம்பி அதைப் பிடித்துத்தான் நடை பழகினான். அது அவனை இழுத்துச் சென்றதே இல்லை. அவன் தள்ளினால் நகரும், நின்றால் நிற்கும், அவசரப்பட்டால் கவிழ்க்கும். பட்டைகளை அவிழ்க்கும்போது தோழியிடம் அதைப் பேப்பரில் வரைந்து காட்டினேன். "எத்தனை மோட்டார்?" என்று கேட்டுச் சிரித்தார்.

மூன்றாம் நாள்: அக்டோபர் 25, வெள்ளி

ஆட்லிஸ்வில்லில் இருந்து எஸ் 4 ரயில், சூரிக் பெரிய நிலையத்தில் இறங்கி எஸ் 7. குளோட்டன் வேறு கட்டண மண்டலம் என்பது தெரியாமல் நகர டிக்கெட்டோடு ஏறிவிட்டேன். நல்லவேளையாகப் பக்கத்தில் இருந்த பெண்மணி டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சைகையால் எச்சரிக்க, இடையில் இறங்கி மீதிக்கு டிக்கெட் எடுத்தேன். கண்டக்டரின் முகம் நினைவுக்கு வந்தது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்பவர்களைப் பற்றி அவர் சொல்லாத வசவு இல்லை.

போட்டி நடக்கும் இடம் ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கம். நாற்காலிகள் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். களத்தில் ஒலிம்பிக் கம்பீரம் எதுவும் இல்லை. அங்கே இருந்தவை மாடிப்படி, கதவு, சாய்தளம், சமையலறை மேசை, துணிக்கொடி. ஒரு வீட்டை உடைத்து வரிசையாகப் பரப்பிவைத்தது போல இருந்தது. அதைப் பார்த்ததுமே இந்தப் போட்டியின் மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது. என் நோயாளிகளில் ஒருவர்கூட நூறு மீட்டர் ஓடவேண்டும் என்று கேட்டதில்லை. சட்டைப் பொத்தான் போடவேண்டும், வேட்டி கட்டவேண்டும், குளியலறைப் படியைத் தாண்டவேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

இதைத் தொடங்கியவர் சூரிக்கின் இ.டி.எச். பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ரீனர். 2012இல் சிகாகோவின் வில்லிஸ் கோபுரத்தின் 103 மாடிகளை ஒருவர் மோட்டார் பொருத்திய செயற்கைக் காலோடு ஏறிய செய்தியைப் படித்ததில் இருந்து வந்த யோசனை. முதல் சைபத்லான் 2016 அக்டோபர் 8, இதே அரங்கில். 2020இல் கொரோனாவால் ஒவ்வோர் அணியும் அவரவர் ஊரிலேயே போட்டியிட்டது. இம்முறை 24 நாடுகளில் இருந்து 67 அணிகள், எட்டுப் பிரிவுகள். போட்டியாளரை வீரர் என்று சொல்வதில்லை, பைலட் என்கிறார்கள். இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர், பொறியாளர் அல்ல என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

பாராலிம்பிக்ஸின் ஓட்டப் பந்தயங்களில் மோட்டார் வைத்த கருவிக்கு இடமில்லை. இங்கே அதுதான் மையம். அப்படியிருந்தும் 2016இல் செயற்கைக் கைப் பிரிவில் வென்றது மோட்டாரே இல்லாத ஒரு கை. அமெரிக்கரான ராபர்ட் ராடசி, தோள்பட்டையை அசைத்தால் கயிறு இழுபட்டுக் கொக்கி மூடும் பழைய தத்துவத்தில் செய்த கருவியோடு வந்து, மின்னணுக் கைகளையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டார்.

ஏன் என்பதுதான் சுவாரசியம். மோட்டார் கை, மீதமுள்ள தசையில் எழும் மின்சமிக்ஞையைத் தோல்மேல் இருந்து கேட்டு விரல்களை மூடுகிறது. உத்தரவு போகிறது, செய்தி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. பிளாஸ்டிக் குவளையைப் பிடித்தோமா நசுக்கினோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கயிற்றுக் கையில், கொக்கி எதையாவது கவ்வியதும் கயிற்றின் இறுக்கம் தோளில் தெரிகிறது. கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்டதைக் கயிற்றைப் பிடித்திருக்கும் கை சொல்லுமே, அதுபோல. இந்தப் பிரிவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள்: உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக் கையைவிட்டுத் தடவி அது என்ன என்று கண்டுபிடிக்கவேண்டும். விலையுயர்ந்த கைகள் திணறும் இடம் அது.

மதியம் காட்சிக் கூடங்களைச் சுற்றும்போது ஓர் ஆராய்ச்சி மாணவர் சிக்கினார். கைக்கான சிகிச்சை ரோபோக்கள்தான் அவர் துறை. கண்டக்டரின் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சூரிக்கில் உருவான ஆர்மின் என்ற தோள்-கை ரோபோவின் கதையைச் சொன்னார். சுவிட்சர்லாந்தின் நான்கு மையங்களில் 77 பக்கவாதக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு, 2014இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்கள். ரோபோவோடு பயின்றவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். எவ்வளவு? 66க்கு அளக்கும் அளவுகோலில் 0.78. ஒரு புள்ளிகூட இல்லை. பிறகு 2019இல் பிரிட்டனில் 770 பேரோடு பெரிய ஆய்வு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ கிரெப்ஸும் உருவாக்கிய மேனஸ் ரோபோதான் அதில் பயன்பட்டது. வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறன் கூடவில்லை என்று முடிவு வந்தது.

"அப்படியானால் எதற்காக இந்தத் துறையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமான கேள்விதான்.

அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் சிகிச்சையில் நோயாளி ஒரு தடவை வந்தால் கையை எத்தனை முறை அசைக்கிறார்?"

எண்ணியதில்லை என்றேன். அமெரிக்காவில் எண்ணியிருக்கிறார்கள். 2009இல் கேத்தரின் லாங் குழு தெரபிஸ்டுகளின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெடுத்தது. ஒரு முறை வந்தால் பயனுள்ள கை அசைவு சராசரியாக 32. விலங்குகளின் மூளையில் மாற்றம் உண்டாகப் பயிற்றுவிக்கும்போது நாளுக்கு நூற்றுக்கணக்கில் செய்யவைக்கிறார்கள். ரோபோவுக்கு அலுப்பு கிடையாது. முந்நூறு, நானூறு என்று செய்யவைக்கும். அதன் பலம் புத்திசாலித்தனத்தில் இல்லை, பொறுமையில்தான் இருக்கிறது என்றார்.

ரயிலில் திரும்பும் வழியெல்லாம் என் மனக்கணக்கு ஓடியது. கண்டக்டரோடு நான் செலவிடும் நாற்பத்தைந்து நிமிடத்தில் இறுக்கத்தைத் தளர்த்த இருபது நிமிடம், அரசியல் பேச்சு பத்து நிமிடம். மிச்சத்தில் நாற்பது அசைவு இருந்தால் அதிகம்.

நான்காம் நாள்: அக்டோபர் 26, சனி

குதிகாலில் கொப்புளம். புதுச் செருப்பு. அரை நாள்தான் அரங்கில் இருந்தேன்.

மின்தூண்டல் சைக்கிளைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களின் சொந்தத் தசைகளுக்கே மின்துடிப்பு கொடுத்து மிதிக்கவைக்கும் மூன்று சக்கர சைக்கிள். மோட்டார் இல்லை, மிதிப்பது அவருடைய கால்தான். தசை நார்களை நம் நரம்பு முறைவைத்து வேலைக்கு அனுப்பும். மின்துடிப்போ ஒரே கூட்டத்தை எழுப்பித் திரும்பத் திரும்ப ஓட்டும். அதனால் சீக்கிரம் சோர்ந்துபோகும். 2016இல் கிளீவ்லாந்து அணியின் மார்க் முன், நரம்புக்கு அருகிலேயே பதித்த மின்முனைகளோடு 750 மீட்டரை 2 நிமிடம் 58 வினாடியில் கடந்தார். வருடக்கணக்காக அசையாத தொடையில் தசை புடைத்து எழுவதை இன்று அரங்கின் பெரிய திரையில் மிக அருகில் காட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த சிறுவன் தன் தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள்: அக்டோபர் 27, ஞாயிறு

இன்று அதிகாலை இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்களாம். கைப்பேசி தானே மாறிக்கொண்டது. நான் நம்பியது கைக்கடிகாரத்தை. அரங்கத்துக்கு வந்தால் வாசல் பூட்டிக் கிடக்கிறது.

அந்தக் குளிரில் எனக்குத் துணை, சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெரியவர். அவருடைய பேரன் மொழிபெயர்த்தான். மலையேற்றத்தில் விழுந்து தண்டுவடம் அடிபட்டு முப்பது வருடம் ஆகிறதாம். இயந்திரக் கால்களை ஒருமுறை அணிந்து நடந்திருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு எனக்குச் சிறுநீர் கழிக்கவேண்டியிருந்தது. அவிழ்க்கப் பதினைந்து நிமிடம்" என்றார். பேரன் இதை மொழிபெயர்க்கச் சிரமப்பட்டான்.

2004இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிம் ஆண்டர்சன், தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடம் எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை மாறும் என்று கேட்டார். கழுத்தில் அடிபட்டு நான்கு கைகால்களும் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கையைக் கேட்டார்கள். இடுப்புக்குக் கீழே போனவர்கள் தாம்பத்திய உறவைத்தான் முதலில் வைத்தார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடும் மேலேயே வந்தது. நடப்பது இரண்டு கூட்டத்திலும் முதலிடத்தில் இல்லை. நடக்கிறவர்கள்தான் நடையை இவ்வளவு பெரிதாக நினைக்கிறோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இயந்திரக் கால்களின் பந்தயத்தைப் பார்த்தேன். தென்கொரியாவின் கெயிஸ்ட் பல்கலைக்கழக அணி. பைலட் கிம் சுங்-ஹ்வான் வெளியில் இருந்து கூட்டிவந்த ஆள் இல்லை. இரண்டு கால்களும் செயலிழந்த அவர் அதே ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர். அந்தக் கருவி செய்யும் காரியமும் அப்படித்தான் இருக்கிறது: ஏறக்குறைய 50 கிலோ எடையுள்ள அது, சக்கர நாற்காலியில் இருக்கும் அவரை நோக்கித் தானே நடந்துவந்து நிற்கிறது. நாற்காலியை விட்டு மாறி உட்காராமல், முன்பக்கமாகவே அவர் அதற்குள் புகுந்துகொள்ளலாம். நடப்பதைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். மாட்டுவதைப் பற்றி யோசிக்க, தினமும் மாட்டுகிறவர்தான் வேண்டும்.

இருக்கைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்வது, பெட்டியைத் தூக்கி வைப்பது, ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது, கதவைத் திறந்து போய்ச் சாத்துவது, சமையலறை வேலை. கிம் பணிகளை 6 நிமிடம் 41 வினாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். மற்றவர்களில் பலர் பத்து நிமிடக் கெடுவில் பாதியைக்கூட எட்டவில்லை. ஊன்றுகோலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஒரு பொருளைத் தூக்கிய அந்தத் தருணத்தில் அரங்கம் எழுந்தது. நானும் எழுந்தேன். காலையில் பார்த்த பெரியவர் எங்கே என்று தேடினேன். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார், முகத்தில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை.

இரவு அக்கா வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதோடு வயலுக்குள் இறங்கலாமோ?"

அவருடைய தம்பி கிளிநொச்சியில் இருக்கிறார். தொண்ணூறுகளில் கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே போனது. ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார். 1968இல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர் பாதம். செருப்பு வேண்டாம், சேற்றில் நடக்கலாம், குந்தி உட்காரலாம், சம்மணம் போடலாம். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் மையம் போர்க் காலம் முழுக்க இந்தக் கால்களைச் செய்துகொடுத்தது. "தேய்ந்தால் போய் மாற்றிக்கொண்டு வருவான். அவனுக்கு அது கால். இது கார்" என்றார் அத்தான்.

முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லை. முழங்கால் மிஞ்சியவருக்குப் பாதம் போதும்; தண்டுவடம் போனவருக்குப் போதாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வாதாடத் தோன்றவில்லை.

ஆறாம் நாள்: அக்டோபர் 28, திங்கள்

காலையில் அக்காவோடு ஆட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோயில். தொழிற்கூடக் கட்டடத்துக்குள் முருகன். வெளியே குளிர்காற்று நறுக்குகிறது. உள்ளே கற்பூரமும் ஈரத் துண்டின் வாசமும். பிரகாரம் சுற்றும்போது, இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்து விபூதி வாங்கிய ஒருவரைப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. தொழில் புத்தி போகுமா? தோளுக்குத் தாங்குபட்டை போடச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. முன்பின் தெரியாதவர், விட்டுவிட்டேன்.

மதியம் வெள்ளிக்கிழமை சந்தித்த மாணவரிடம் இருந்து மின்னஞ்சல். கண்டக்டருக்காக யோசித்ததாக எழுதியிருந்தார். "இந்தியாவில்தானே இருக்கிறீர்கள்? வேலூர் போயிருக்கிறீர்களா?"

சூரிக்கில் இருந்து ஒருவர் எனக்கு வேலூருக்கு வழி சொல்கிறார்! சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்ற கை ரோபோவைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். ஒரே ஒரு மோட்டார். அதில் மணிக்கட்டுக்கு ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, விரல்களைத் திறந்து மூட ஒன்று என்று துணைக்கருவிகளை மாற்றி மாற்றி மாட்டலாம். மேசைமேல் அடங்கும். நோயாளி எவ்வளவு செய்கிறாரோ அதைப் பார்த்து உதவும். நம் ஊர் வீடுகளையும் நம் ஊர்ப் பணத்தையும் மனதில் வைத்துச் செய்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தத் துறையில் இருபத்திரண்டு வருடம் இருக்கிறேன். வேலூர் மருத்துவமனையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். பிறகு அங்கேயே மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பி, 1966இல் பாகாயத்தில் தனி மறுவாழ்வு நிலையத்தைத் திறக்கவைத்தவர். கல்லூரியில் தேர்வுக்குப் படித்த பாடம் இது. அதே வளாகத்தில் இன்று என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்கத்தான் தோன்றவில்லை.

உடனே கண்டக்டருக்குப் போன் செய்தேன். ஊரில் அப்போது இரவு ஏழு மணி.

"மெஷின் இருக்கிறதா அம்மா? என்ன விலை?"

"இருக்கிறது. வேலூரில்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "திருநெல்வேலி, மதுரை, திருச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர்" என்று ஒரே மூச்சில் சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஐயா, ஒரு சந்தேகம். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் கிழிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"சாதாரண நாளில் எழுநூறு, எண்ணூறு. தீபாவளி என்றால் கணக்கே கிடையாது."

எட்டாம் நாள்: அக்டோபர் 30, புதன். நெல்லை எக்ஸ்பிரஸில் இருந்து

சென்னையில் இறங்கி, எப்படியோ டிக்கெட் வாங்கி நேற்று இரவு ஏறிவிட்டேன். பெட்டி முழுக்கப் பட்டாசுப் பைகள். கொண்டுபோகக்கூடாது என்ற அறிவிப்புக்குக் கீழேயே இரண்டு. இப்போது கோவில்பட்டி தாண்டிவிட்டது. மாமியார் கொடுத்த கெடுவுக்குள் வீடு சேர்ந்துவிடுவேன்.

வேலூருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வர நாளாகலாம். பண்டிகைக்குப் பிறகுதான் எதுவும் நகரும். அதுவரை நாற்பது அசைவோடு ஓட்ட எனக்கு மனமில்லை.

கண்டக்டரின் கை செய்யவேண்டிய வேலையை நேற்று இரவு மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு செய்துபார்த்தேன். இடது கையில் டிக்கெட் கட்டு. வலது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மேல் தாளின் நுனியைப் பிடிக்கவேண்டும், நசுக்காமல். மணிக்கட்டை லேசாகத் திருப்பி ஓர் இழுப்பு. தாள் கிழிந்துவிட்டதை விரலே சொல்லிவிடும், கண்ணால் பார்க்கவேண்டியதில்லை. அவர் கண் எப்போதும் படிக்கட்டில்தான் இருந்திருக்கும். முன்கையை மேசையில் தாங்கிவைத்தால் அவரிடம் மிச்சமிருக்கும் இரண்டு விரல் அசைவுக்கு இது எட்டும் என்றே நினைக்கிறேன். முதல் வாரம் நான் டிக்கெட் கட்டைப் பிடித்துக்கொள்வேன், பிறகு விட்டுவிடுவேன்.

இப்போது பஸ்களில் கையடக்க மெஷின்தான் டிக்கெட் கொடுக்கிறது. பழைய தாள் டிக்கெட் எங்கே கிடைக்கும்? பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் நண்பருக்குக் காலையில் செய்தி அனுப்பினேன். மெல்லிய கலர் தாள், நூறு நூறாகக் கட்டு, அடியில் பசை, ஓரத்தில் துளை. மொத்தம் பத்தாயிரம் டிக்கெட் வேண்டும் என்று.

பதில் இப்போதுதான் வந்தது: "செய்துவிடலாம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று போடட்டும்?"